புறவாசலில் எட்டுக்குப் பத்து

கொத்தனார் ஒன்பது மணி என்று சொன்னால் அது ஒன்பதரை, ஒன்பதரை என்று சொன்னால் அது பத்து. இது எனக்குத் தெரியாததில்லை. முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக ஊர் ஊராய்ப் போய்ச் சங்கிலி போட்டு நிலம் அளந்தவனுக்கு, எந்த வேலையும் சொன்ன நேரத்தில் தொடங்காது என்று யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் எட்டேகாலிலிருந்தே அடுப்படிக்குப் பின்னால் புறவாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் ஆறிப்போன காப்பியோடு. எதிரே காம்பவுண்டுச் சுவர். அடுப்படிச் சுவருக்கும் அதற்கும் நடுவே எட்டடி, பக்கவாட்டில் பத்தடி. டேப்பை வைத்து நாலு தடவை அளந்தாயிற்று, நாலு தடவையும் எட்டுக்குப் பத்துதான், நான் அளக்கிறேன் என்பதற்காக நிலம் அரையடி கூட்டிக் கொடுத்துவிடுமா என்ன. இந்த எட்டுக்குப் பத்தில் ஒன்று கட்டலாம், ஒன்றே ஒன்றுதான். இப்போது தகரக் கூரைக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிற சர்வீஸ் ஏரியாவை இடித்துவிட்டு, வாஷிங் மிஷின், கிரைண்டர், பாத்திரம் விளக்குகிற தொட்டி எல்லாம் தாராளமாக நிற்கிற மாதிரி பெரிதாகக் கட்டலாம். இல்லையென்றால் கீழ்த்தளத்துக்கென்று ஷவர் வைத்து ஒரு குளியலறை. பாதிப் பாதியாக ரெண்டையும் போட்டால் என்ன என்று கொத்தனார் ஏசுவடியானிடம் கேட்டுப் பார்த்தேன். "போடலாம் ஸார். மிஷினு உள்ள போவும், கதவு தொறக்காது. ஆளு உள்ள போவாரு, குனிய முடியாது. பரவால்லயா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "நாளான்னைக்குக் காலைல வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுருதேன். அதுக்குள்ள வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வந்துருங்க. தோண்டுன பெறகு மாத்தணும்னு சொன்னா நான் ஆளில்ல, பாத்துக்கிடுங்க." வீட்டில் பேச வேண்டுமாம். வீட்டில் நானும், சுவர்க்கடிகாரமும், மழைக்கு ஒதுங்கி வந்து போக மனமில்லாத ஒரு தேரையும்தான். பேச வேண்டிய உலகம்மாள், என் மனைவி, பதினோரு மாதமாக மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறாள்.

சர்வீஸ் ஏரியா என்பது உலகுவின் இருபத்து மூன்று வருஷத்து ஆசை. சேலை நகை என்று கேட்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், இவள் கேட்டதெல்லாம் பாத்திரம் விளக்க நாலடி இடம். இந்த வீட்டைக் கட்டும்போது நான்தான் அதை நறுக்கினேன். ஹால் பெரிதாக வேண்டும், நாலு பேர் வந்தால் உட்கார வேண்டாமா என்று முன்பக்கம் ஆறடியை இழுத்துக்கொண்டேன், நிலத்தை அளக்கிறவன் என்கிற திமிர். அந்த நாலு பேர் இதுவரை வரவில்லை. வாஷிங் மிஷின் வந்தபோது வைக்க இடமில்லாமல் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றது, இன்னும் அங்கேதான் நிற்கிறது, அதன் குழாய் அடுப்படி வழியாகப் புறவாசல் வரை தரையில் கிடக்கும், மிஷின் ஓடுகிற நாளெல்லாம் அவள் அதைத் தாண்டித் தாண்டித்தான் சமைப்பாள். கிரைண்டரில் மாவு ஆட்டினால் பின்கதவை மூட முடியாது. ஐப்பசியில் துணி காய இடமில்லாமல் ஹால் முழுக்கக் கயிறு கட்டி என் வேட்டியும் அவள் பாவாடையும் தொங்கும், யாராவது பெல் அடித்தால் அவ்வளவையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவாள். "ஒரு ஓரம் மிஷினு, ஒரு ஓரம் கிரைண்டரு, நடுவுல உக்காந்து கீரை ஆய ஒரு பலகை, மேல ரெண்டு கம்பி. இவ்வளவுதாங்க. நான் என்ன அரமனையா கேட்டேன்?" என்பாள். ரிட்டயர் ஆகட்டும் என்பேன். எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில். ரிட்டயர் ஆனேன். ஆறாவது மாதம் மகள் சுபாஷினி அங்கிருந்து ரெண்டாவது பிள்ளைக்குப் பிரசவம் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டாள், உலகு ஊறுகாய் பாட்டில்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு மாதத்தில் வருகிறேன் என்றாள். ஆறு பதினொன்று ஆயிற்று. இப்போது நான் இந்த இடத்தில் பெரிய சர்வீஸ் ஏரியா கட்டி, கம்பி போட்டு, பலகை போட்டு, மிஷினை நகர்த்தி வைத்து, போட்டோ எடுத்து அனுப்பினால், ஒருவேளை. ஒருவேளை அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றலாம். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்கிற மாதிரிதான் இருக்கிறது யோசித்தால். அறுபது வயதில் பெண்டாட்டிக்குப் பொறி வைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

ஆனால் கால் என்று ஒன்று இருக்கிறதே. குளிக்கிற இடம் மாடியில். கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு கக்கூஸ் உண்டு, தலையைக் குனிந்தபடி போய்க் குனிந்தபடி வர வேண்டும், நிமிர்ந்தால் படியில் இடிக்கும், அதில் வாளி வைத்துக் குளிப்பதெல்லாம் ஆகாத காரியம். வீடு கட்டும்போது கீழேயும் ஒரு குளியலறை வரைபடத்தில் இருந்தது. வாஸ்து பார்க்க வந்தவர் காம்பஸை வைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, இது கன்னிமூலை, இங்கே தண்ணீர் புழங்கினால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று சொன்னார். குடும்பத் தலைவன் நான்தான் என்பதால் அப்படியே விழுந்தேன் அவர் பேச்சில். குளியலறை மாடிக்குப் போயிற்று. படி எத்தனை வைக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று ஒவ்வொரு படியாக எண்ண வேண்டும், கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். பத்தொன்பது படி. ஒன்பதாவதில் ஒரு திருப்பம். முப்பத்தேழு வயதில் நான் அதில் ரெண்டு ரெண்டாகத் தாவி ஏறினேன். இப்போது உலகு போன பிறகு கட்டிலைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன், சாப்பாடு, தூக்கம், டிவி எல்லாம் கீழே, மாடிக்குப் போவது குளிக்க மட்டும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் ஒரு யாத்திரை. சில நாள் போவதில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது. குளிக்காத நாளில் யாராவது வந்துவிடுவார்களோ என்று காலையிலேயே சட்டை மாற்றி, திருநீறு பூசி, குளித்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். யாரும் வருவதில்லை. முன்பெல்லாம் இதோ இந்தப் புறவாசல் கல்லிலேயே நின்று குளித்துவிடலாம், பின்னால் வெறும் உடைமரக் காடு. இப்போது காட்டை அழித்து மூன்று மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது, பன்னிரண்டு பால்கனி, பன்னிரண்டிலும் யாராவது ஒருத்தர் கொடியில் துணி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இப்போதுகூட ரெண்டாவது மாடியில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். இந்த ஆள் தினமும் சுவரை அளக்கிறானே என்று நினைத்திருப்பாள்.

விழுந்தது பதினேழு நாளைக்கு முன்னால். நினைக்கக் கூடாது என்றுதான் காப்பியைப் பார்க்கிறேன், ஆடை கட்டியிருக்கிறது, அதை விரலால் எடுத்துக் கீழே போடும்போது இடது மணிக்கட்டு சுள்ளென்கிறது, அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அன்றைக்கு ஆவுடையப்பன் செத்துப்போன செய்தி வந்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், கல்லிடைக்குறிச்சி வயல்களில் சங்கிலியின் அந்த நுனியை அவன் பிடிப்பான், இந்த நுனியை நான் பிடிப்பேன். சமாதானபுரத்தில் அவன் வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, சாவு நடந்த துஷ்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். உலகு இருந்த காலத்தில் துஷ்டிக்குப் போய்விட்டு வந்தால் அதற்கொரு முறை உண்டு. கேட் சத்தம் கேட்டதும் உள்ளிருந்தே குரல் வரும். "அப்படியே பின்னால போங்க, ஒண்ணையும் தொடாதீங்க." புறவாசல் கல்லில் வாளி நிறைய தண்ணீர் இருக்கும், துண்டு இருக்கும், மாற்று வேட்டி இருக்கும். குழாயைக்கூட அவளே திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். நான் அவிழ்த்துப் போட்ட துணியைக் கையால் தொடாமல் கம்பால் தூக்கித் தண்ணீரில் முக்குவாள், ஏதோ செத்துப்போனவரையே நான் சுருட்டிக் கொண்டுவந்த மாதிரி. தலை முழுகிய பிறகுதான் நான் மறுபடியும் அவள் புருஷன். அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது, பூட்டை நானேதான் திறந்தேன், துஷ்டிக் கையோடு. வெளிக் குழாயில் காலைக் கழுவினேன். உள்ளே நுழைந்ததும், வேறெதையும் தொட்டுவிடக் கூடாது என்று ரெண்டு கையையும் மாரோடு கட்டிக்கொண்டு படி ஏறினேன். மாடிப்படிக் கைப்பிடியை வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் துடைக்கிறவள் உலகு. அதைத் தொட்டால் திட்டுவாள். திட்டுகிறவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஈரக் கால், வழவழவென்று கருங்கல் படி. பதினோராவது படி. அப்புறம் கணக்குப் பார்த்தேன், லாபம்தான்.

திருப்பத்தில் வந்து கிடந்தேன். ஒரு கால் மேல்படியில், தலை சுவரோரம், இடது கை அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. வலி உடனே வரவில்லை. முதலில் வந்த நினைப்பு, கைப்பிடியைத் தொட்டேனா இல்லையா என்பதுதான். எவ்வளவு பெரிய மடையன் நான். தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று மைக்கில் ஒருத்தன் சொல்லிக்கொண்டே போனான், அந்தக் குரல் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் போயிற்று. அவன் ரெண்டு சுற்று சுற்றுகிற நேரம் கிடந்திருக்கிறேன். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். பெயர்கள் வந்தன, வந்த பெயர்களில் ஒன்று ஆவுடையப்பன். அப்போதுதான் பயம் வந்தது. எழுந்திருக்க முடியாமல் போயிருந்தால் எப்போது தெரிந்திருக்கும்? பால் போடுகிற அம்மாள் கேட்டில் பையில் போட்டுவிட்டுப் போவாள், மறுநாள் அந்தப் பாக்கெட் அப்படியே இருந்தால் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைப்பாள், மூன்றாம் நாள் புளித்த வாடை வந்தால் ஒருவேளை எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் உலகு போன் பண்ணுவாள், எடுக்கவில்லையென்றால் எங்கயோ போயிருக்காரு போல என்பாள். மூன்று பால் பாக்கெட், ரெண்டு எடுக்காத போன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இடைவெளி. பிறகு எப்படியோ எழுந்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன், குளித்தேன், தலை துவட்டினேன். குளித்து முடித்து வந்து வலது கையால் ஈரத்துணி எடுத்து, மேலிருந்து கீழ்வரை அந்தக் கைப்பிடியைத் துடைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் உலகு கூப்பிட்டாள். ஆவுடையப்பன் போயிட்டான் என்றேன். "ஐயோ பாவமே, போனீங்களா? வந்து குளிச்சீங்களா?" என்றாள். குளிச்சேன் என்றேன். மணிக்கட்டு வீங்கி உருண்டையாக இருந்தது, போனை அந்தப் பக்கம் காட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, விழுந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும், அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாள், எனக்குத் தெரியும், பிள்ளையை மகள் கையில் திணித்துவிட்டு, அழுதுகொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே. பதினேழு நாளாக அந்த வார்த்தையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். தினமும் போன் வருகிறது, தினமும் அந்த வார்த்தையை எடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன், தினமும் சாப்பிட்டியா, சாப்ட்டேன், நீங்க, ஆச்சு, பிள்ளை என்ன செய்றான், உறங்குறான் என்று முடிந்துவிடுகிறது. ஏன் சொல்லவில்லை? அவள் பதறுவாள் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன், நல்ல காரணம், யாரிடம் சொன்னாலும் என்னைப் பெரிய மனுஷன் என்பார்கள். அது பொய். அவள் வந்தால் என் மணிக்கட்டுக்காக வந்திருப்பாள், என் காலுக்காக வந்திருப்பாள். அப்படி வருவதற்கு ஒரு நர்ஸம்மா போதும். நான் ஒழுங்காக இருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், எனக்காக அவள் வர வேண்டும் என்று இருக்கிறது. இதை வாய்விட்டுச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா, பேரன் எடுத்த வயதில் என்ன கொஞ்சல் என்று. நான் அங்கே போகலாமே என்பாள் சுபா. போனேன், நாற்பது நாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரன் புல் வெட்டுவதைப் பார்த்தேன். உலகுவுக்கு அங்கே வேலை இருந்தது, தூக்கி வைத்துக்கொள்ளப் பிள்ளை இருந்தது, பேரனுக்கு அவள் வேண்டும், மகளுக்கு அவள் வேண்டும். என்னை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, இங்கே வாஷிங் மிஷின் நிற்கிற மாதிரி நின்றேன். வந்துவிட்டேன். அதனால் இப்போது கேள்வி இதுதான், இந்த எட்டுக்குப் பத்தில் குளியலறையைக் கட்டினால் நான் தனியாகவே கிடந்து இங்கேயே முடியப்போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. சர்வீஸ் ஏரியா கட்டினால் அவள் வரப்போகிறாள் என்று அர்த்தம், ஆனால் அவள் வருவதற்குள் பத்தொன்பது படியும் என்னை என்ன செய்யும் என்று தெரியாது. நேற்று ராத்திரி சர்வீஸ் ஏரியா என்று முடிவெடுத்தேன். காலையில் எழுந்து படி ஏறும்போது குளியலறை என்று முடிவெடுத்தேன். குளித்துவிட்டு இறங்கும்போது மறுபடியும் சர்வீஸ் ஏரியா.

கேட் சத்தம். ஒன்பதே முக்கால், பரவாயில்லை, கொத்தனார் கணக்குக்கு இது சீக்கிரம்தான். ஏசுவடியான் சைக்கிளைச் சாத்திவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் வருகிறார், கையில் நூல்கண்டு, ஒரு மஞ்சள் பையில் சுண்ணாம்புப் பொடி. "என்ன ஸார், ரொம்ப நேரமா இங்கனயே இருக்கியளா? காப்பி கூட குடிக்காம?" என்கிறார். தகரக் கூரையை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறார். கிரைண்டரை எங்கே நகர்த்துவது என்று தன்னிடமே கேட்டுக்கொள்கிறார். மூலையில் ஒரு ஆணி அடித்து நூலைக் கட்டி, மறு நுனியை என்னிடம் நீட்டுகிறார், பிடிங்க ஸார் என்று. பிடிக்கிறேன். நூல் விறைக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது, வலது கைக்கு மாற்றிக்கொள்கிறேன். "சொல்லுங்க, எது? குளிக்கிற ரூம்னா இந்தப் பக்கம் சரிவு குடுக்கணும், கோடு ஒரு மாதிரி வரும். மிஷினு வைக்கிறதுன்னா கோடு நேரா வரும்." மிஷின் வைக்கிறதுதான் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். அப்படியே சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் நேராக அவளிடமே காட்டினால் என்ன, அவள் கண்ணால் பார்க்கட்டுமே, அவள் முகம் மலர்வதை நானும் பார்க்கிறேனே. ஒரு நிமிஷம் என்று நூல் நுனியைக் கொத்தனாரிடமே கொடுத்துவிட்டுப் போனை எடுக்கிறேன். அங்கே மதியம் ரெண்டேகால் இருக்கும். நாலைந்து மணி அடித்ததும் அவள் முகம் வருகிறது, முடி கலைந்திருக்கிறது, தோளில் சின்னவன் வாயைத் திறந்தபடி உறங்குகிறான், அவள் மெதுவாகப் பேசுகிறாள்.

"என்னங்க இந்நேரத்துக்கு? இப்பதான் உறங்குனான்."

"கொத்தனார் வந்திருக்காரு. புறவாசல்ல கோடு போடப்போறோம். உனக்குப் பெரிய சர்வீஸ் ஏரியா. நீ கேட்டியே, அதான். மிஷினை உள்ள வச்சிரலாம், மேல கம்பி, ஒரு பலகை." போனைத் திருப்பிச் சுவரைக் காட்டுகிறேன், நூலைக் காட்டுகிறேன், ஏசுவடியான் வணக்கம் அம்மா என்று கும்பிடுகிறார். திருப்பி என் பக்கம் வைத்தபோது அவள் முகம் மலர்ந்திருக்கவில்லை. திரையில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "குளிக்கிற ரூமாவே போட்டுருங்க. நீங்க ஒத்தையில மாடிக்கு ஏறி ஏறி எறங்குதீங்கன்னு நெனச்சா எனக்கு இங்க உறக்கம் வரல. எனக்கு இனிமே அந்த ரூம் எதுக்கு?"

இனிமே. நான் ஏசுவடியானைப் பார்த்தேன், அவர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து காம்பவுண்டுச் சுவர் வரை நடந்தேன், எட்டடிதான், அதற்கு மேல் நடக்க இடமில்லை.

"எதுக்குன்னா?"

"சுபா மூணு வருஷ விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கா. எனக்கு. பத்து நாளாச்சு. உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான் நெனைக்கேன், போனை எடுத்தா வாய் வரமாட்டேங்குது."

அவளும் ஒரு வார்த்தையைப் பையில் வைத்துக்கொண்டுதான் அலைந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இருபத்து மூன்று வருஷமாகக் கேட்ட இடத்தை எனக்கு விட்டுக்கொடுக்கிறாள், அதுவும் என் காலை நினைத்து. அன்போடுதான் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால், ஏன் இவ்வளவு நாள் கட்டவில்லை என்று கத்தியிருந்தால், வரப்போகிறாள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். 

"நீ என்ன சொன்ன சுபாகிட்ட?"

"நான் என்னத்தச் சொல்ல. அவ கேக்கும்போது அப்பாதான் ஒண்ணும் சொல்லலியேம்மா, அவரு நல்லாத்தான இருக்காருங்கா. நானும் பாத்தேன். பதினோரு மாசம். ஒரு நாளாவது வான்னு கூப்பிட்டீங்களா நீங்க? சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேட்டீங்க. நான் இல்லாதது உங்களுக்குத் தொந்தரவில்லாம இருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

இவளுக்கு நான் கேட்க வேண்டியிருந்ததா? நான் கேட்காமலே வர வேண்டும் என்று நான் உட்கார்ந்திருக்க, நான் கேட்டால் வரலாம் என்று அவள் உட்கார்ந்திருக்க, நடுவில் பதினோரு மாதம். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஊரார் வரப்புச் சண்டையெல்லாம் நான் தீர்த்து வைத்திருக்கிறேன், நீ முதலில் பேசு, அவன் பேசுவான் என்று சொல்லி. கொத்தனார் பக்கத்தில் நிற்கிறார், பால்கனியில் அந்த அம்மாள் திரும்ப வந்து நிற்கிறாள், நிற்கட்டும்.

"எப்ப வார, உலகு?"

சின்னவன் தோளில் முனகினான், அவள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கி, காய்கறிக்காரனிடம் தக்காளியை உருட்டிப் பார்க்கிற அதே பார்வை.

"ஏன் திடீர்னு கேக்கீங்க? ஒடம்புக்கு என்ன? விழுந்து கிழுந்து போட்டீங்களா?"

வந்து நின்றுவிட்டது. இனி ஒரு தலையாட்டல் போதும். ராத்திரிக்குள் டிக்கெட் எடுத்துவிடுவாள், மூன்று வருஷ விசா எல்லாம் காற்றில் போகும். நாளை மறுநாள் இந்தக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்து உருட்டிப் பார்ப்பாள். எவ்வளவு சுலபம். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"பெறகு?"

"நீ இல்லாம நல்லாயில்ல. அதான் கேக்கேன்."

திரை ஆடியது. முகத்தை எடுத்துவிட்டாள், அந்த வீட்டு விட்டமும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, சின்னவன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது, அழுதான். ஆய் ஆய் என்று அவனைச் சமாதானப்படுத்தினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "சுபா சாயங்காலம் வரட்டும். பேசிட்டுச் சொல்லுதேன்," என்றது குரல். "நீங்க குளிக்கிற ரூமையே போடச் சொல்லுங்க. வழுக்காத தரையாப் போடச் சொல்லுங்க." போன் அணைந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டேன். ஏசுவடியான் தொண்டையைச் செருமினார்.

"குளிக்கிற ரூம்தான் அண்ணாச்சி," என்றேன். இத்தனை நாளும் அவரைக் கொத்தனார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அவர் நூல் நுனியை மறுபடி என் கையில் கொடுத்துவிட்டு, பையைப் பிரித்து, குனிந்து, நூலின் ஓரமாகச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே வந்தார், வெள்ளைக் கோடு சுவரிலிருந்து என் கால் வரை வந்தது, நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பாதியில் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்பம் அம்மா எப்ப வாராக ஸார்?"

"கேட்டிருக்கேன்," என்றேன்.